எஸ்பிரெஸ்ஸோ மெஷின் பம்பும் பாய்லர் ரீஃபில்லும்: கை வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

வீட்டு மெஷினைத் தொறந்து பம்பை மாத்தலாமா, பாய்லர் தானா நிரம்புற மாதிரி பண்ணலாமான்னு கேட்டு வர்ற கேள்விங்களை எல்லாம் ஒரே இடத்துல போட்டுருக்கேன். நிறைய பேர் பம்புலதான் எல்லாம் இருக்குன்னு நினைச்சு அதுல ஆரம்பிக்கிறாங்க, எனக்கு என்னமோ பம்பு கடைசில பாக்க வேண்டிய சாமான். தண்ணி எங்கேர்ந்து வருது, எந்த வால்வுல திரும்புது, ஹீட்டர் மேல எப்பவும் தண்ணி நிக்குதா, இந்த மூணையும் ஒரு பேப்பர்ல கிறுக்கிப் பாத்துட்டு அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்க.

என் மெஷின்ல 15 பார் பம்புன்னு போட்டிருக்கு, காபி கசக்குது, 9 பார் பம்பு வாங்கி மாத்தணுமா?

வேணாம். பார்ங்கிறது பிரஷரை அளக்கிற அளவு, எஸ்பிரெஸ்ஸோவுக்கு வழக்கமா 9 பக்கம் வைப்பாங்க. 15 பார்ங்கிறது அந்த பம்பு முட்டுச்சந்துல போய் நின்னா எவ்வளவு தள்ளும்ங்கிற கணக்கு, காபி மேல அது அப்படியே விழாது. பம்பு தண்ணியைத் தள்ளுது, காபித்தூள் அதை மறிக்குது, பிரஷர்ங்கிறது இந்த ரெண்டும் முட்டிக்கிறதுல பொறக்கிறது. தூள் பெருசா இருந்தா பம்பை மாத்தினாலும் பிரஷர் பெருசா ஏறாது. தூள் நைசா இருந்தா அது பாட்டுக்கு ஏறிட்டே போகும், அதைத் தடுக்கத்தான் ஓவர் பிரஷர் வால்வுன்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா ஓபிவி. உள்ள ஒரு ஸ்பிரிங்கு, அதோட பலத்தைத் தாண்டி பிரஷர் ஏறினா மிச்சத் தண்ணியை டேங்குக்கே திருப்பி விட்டுடும். பல வீட்டு மெஷின்ல அந்த ஸ்பிரிங்கை ஃபேக்டரிலயே 12க்கு மேல வச்சு அனுப்பிடறாங்க. அதனால நீங்க மாத்த வேண்டியது ஸ்பிரிங்கு, பம்பு இல்ல. கேஜியா கிளாசிக் ப்ரோங்கிற வீட்டு மெஷின் 2019ல வந்தப்போ ஆளாளுக்கு முதல்ல பண்ணின வேலையே இதுதான். ரான்சிலியோ சில்வியாங்கிற மெஷின்ல ஸ்பிரிங்கை மாத்தக்கூட வேணாம், திருகியே குறைக்கலாம்.

அளக்கிறதுக்கு போர்ட்டாஃபில்டர்ல, அதாவது காபித்தூள் போட்டு மெஷின்ல மாட்டுற கைப்பிடில, மாட்டுற பிரஷர் கேஜ் ஒண்ணு வேணும். கேஜ் போட்டு அடைச்சு வச்சு பாக்குறப்போ தண்ணி வெளிய போகாததால கொஞ்சம் கூடத்தான் காட்டும், அங்க 10 காட்டினா காபி இறங்குறப்போ 9 பக்கத்துல இருக்கும். கேஜ்ல சரியா 9 வச்சிட்டு அப்புறம் காபி சப்புன்னு இருக்குன்னு சொல்றவங்க இதைத்தான் மறந்திருப்பாங்க.

வீட்டு மெஷின்ல இருக்கிற பம்பு எப்படித்தான் வேலை செய்யுது?

முக்காவாசி மெஷின்ல வைப்ரேஷன் பம்புதான், உல்கா இபி5ன்னு மேல எழுதியிருக்கும், 230 வோல்ட் மாடல்ல 48 வாட். மோட்டாரே கிடையாது. ஒரு காயில், நடுவுல ஒரு பிஸ்டன், அதுக்கு ஒரு ஸ்பிரிங்கு. உள்ள ஒரு டயோடு இருக்கிறதால கரண்டோட பாதி அலைதான் காயிலுக்குப் போகும், அந்தப் பாதியில பிஸ்டனை இழுக்கும், மீதிப் பாதியில ஸ்பிரிங்கு அதைத் தள்ளிவிடும். 50 ஹெர்ட்ஸ் கரண்டுன்னா பிஸ்டன் செகண்டுக்கு 50 தடவை அடிக்கும். அந்த 'டர்ர்ர்'ங்கிற சத்தம் அதுதான்.

எதிர்ல பிரஷரே இல்லாதப்போ நிமிஷத்துக்கு 600 மில்லிக்கு மேல தள்ளும், கணக்கு போட்டா ஒரு அடிக்கு சுமாரா 0.2 மில்லி. பிரஷர் ஏற ஏற ஒவ்வொரு அடியும் சின்னதாகிட்டே போகும், 9 பார்ல பாதிக்கும் கீழ. இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கங்க, கீழ ரீஃபில் கணக்குல திரும்ப வரும்.

இன்னொண்ணு, இது விடாம ஓடுறதுக்குப் பண்ணின பம்பு கிடையாது. எத்தனை நிமிஷம் ஓட்டலாம், எத்தனை நிமிஷம் ஆற விடணும்னு லேபிள்லயே போட்டிருக்கும். டேங்குல தண்ணி இல்லாம ஓட விட்டா தண்ணியால ஆறுறதுக்கு வழியில்லாம காயில் கொதிச்சு, பக்கத்துல ஒட்டியிருக்கிற தெர்மல் ஸ்விட்ச் கட் ஆகும். பம்பு செத்துப்போச்சுன்னு புதுசு வாங்குறவங்க அரை மணி நேரம் காத்திருந்து பாத்தா சில சமயம் தானா உயிர் வந்துடும்.

ரோட்டரி பம்புக்கு மாத்தினா காபி நல்லா வருமா?

சத்தம் குறையும், பிரஷர் ஆடாம நிக்கும். ருசில பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல, தெரியுதுங்கிறவங்களோட சண்டை போடவும் நான் வரல.

ரோட்டரிங்கிறது தனி மோட்டார், அதுல ஒரு வேன் பம்பு, அதாவது உள்ள இறக்கை சுத்துற பம்பு, கிளாம்ப் போட்டு மாட்டுறது, ப்ரோகான், ஃப்ளூயிட்-ஓ-டெக் மாதிரி கம்பெனிங்க பண்றது. எடை கூட, இடம் கூட, சின்ன மெஷினுக்குள்ள நுழையவே நுழையாது, வெளிய ஒரு பெட்டில வச்சு டியூப் இழுக்கணும். உள்ள சுத்துற இறக்கை கார்பன், அதுக்குத் தண்ணிதான் எண்ணெய், காஞ்சு ஓடினா கொஞ்ச நேரத்துலயே தேஞ்சு போயிடும். அதனால டேங்குல தண்ணி குறைஞ்சா பம்பை நிறுத்துற சென்சார் இல்லாம ரோட்டரி போடவே கூடாது. உறிஞ்சுற பக்கம் டியூப் தடியா, குட்டையா, மடங்காம இருக்கணும். வைப்ரேஷன் பம்புக்குப் போட்டிருந்த மெலிசு டியூப்பையே விட்டு வச்சீங்கன்னா உறிஞ்சத் தண்ணி பத்தாம உள்ள கரகரன்னு கல்லு உருள்ற மாதிரி சத்தம் வரும், அந்தச் சத்தம் பம்போட ஆயுசு குறையுற சத்தம்.

பிரஷரை ரோட்டரி பம்புலயே பக்கத்துல இருக்கிற பைபாஸ் ஸ்க்ரூல 9க்கு வைக்கிறீங்க, அப்போ பழைய ஓபிவியை 12 பக்கம் ஏத்தி வச்சிடணும், கழட்டிப் போட்டுடக் கூடாது. ஏன்னு அடுத்த கேள்வில சொல்றேன்.

ஓபிவியைக் கழட்டிட்டு ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணியை ஒரே பக்கம் மட்டும் விடறது) போட்டேன், இப்போ மெஷின் சூடாகுறப்போ கேஜ் 15ஐத் தாண்டுது. பம்பே ஓடல, எப்படி?

தண்ணி சூடானா விரியும், அவ்வளவுதான் விஷயம். 20 டிகிரில இருந்து 95 டிகிரிக்குப் போனா கிட்டத்தட்ட 4 சதவீதம் விரியும். சில்வியா மாதிரி 300 மில்லி பாய்லர்ல அது 11 மில்லி. ரெண்டு டீஸ்பூன் தண்ணிதானேன்னு தோணும், ஆனா தண்ணியை அமுக்க முடியாது, எல்லா வழியும் மூடியிருந்தா அந்த ரெண்டு டீஸ்பூன் போக இடமில்லாம ஓ-ரிங்கைப் பிதுக்கிட்டோ கேஸ்கெட்டைக் கிழிச்சிட்டோதான் வெளிய வரும். ஓபிவி வெறும் பிரஷர் செட்டிங் மட்டும் இல்ல, இந்த விரியுற தண்ணிக்கு வாசலும் அதுதான். நான்-ரிட்டர்ன் வால்வு போடறதுன்னா பம்புக்கும் ஓபிவிக்கும் நடுவுல போடுங்க, ஓபிவிக்கும் பாய்லருக்கும் நடுவுல போட்டீங்கன்னா வாசலைப் பூட்டிட்டு உள்ள அடுப்பைப் பத்த வச்ச கதைதான்.

காபிக்கும் ஸ்டீமுக்கும் ஒரே பாய்லர் இருக்கிற சிங்கிள் பாய்லர் மெஷின், பாலுக்கு ஸ்டீம் அடிச்சு முடிச்சதும் தண்ணி குறைஞ்சுடுது. ஆட்டோமேட்டிக்கா நிரப்ப முடியுமா?

முதல்ல எவ்வளவு குறையுதுன்னு பாப்போம். 200 மில்லி பாலை ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து 60 டிகிரிக்குக் கொண்டு போக சுமாரா 43 கிலோஜூல் வேணும், ஒரு கிராம் நீராவி பால்ல கலந்து தண்ணியாகுறப்போ 2.4 கிலோஜூல் கிட்ட குடுக்கும். அப்போ 18 கிராம், குழாய்ல ஒழுகுறது வீணாப்போறது எல்லாம் சேத்து 20, 25ன்னு வச்சுக்கங்க. சில்வியாக்கு அது ஒண்ணுமே இல்ல. கேஜியா கிளாசிக்கோட பழைய அலுமினிய பாய்லர் 100 மில்லி சொச்சம்தான், அதுல ரெண்டு கப் பால் அடிச்சா பாதி காலி.

கைலயே நிரப்புறது எப்படின்னா, ஸ்டீம் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு, ஸ்டீம் குழாயை ஒரு மக்குக்குள்ள விட்டுத் தொறந்து வச்சு பம்பை ஓட்டுங்க, முதல்ல சீறும், துப்பும், அப்புறம் விட்டுவிட்டு இல்லாம ஒரே நூலா தண்ணி வரும், வந்தா பாய்லர் ரொம்பிடுச்சு. அதே வேலையில சூடும் இறங்கிடும். சில்வியால ஹீட்டர் கம்பி தண்ணிக்குள்ளயே முங்கி இருக்கிறதால இதைச் சோம்பேறித்தனத்துல விட்டீங்கன்னா கம்பி வெளிய தெரிஞ்சு எரிஞ்சுடும். கேஜியால ஹீட்டர் பாய்லர் சுவத்துலயே இருக்கு, கொஞ்சம் தாங்கும், தாங்கும்ங்கிறதுக்காக விடக்கூடாது.

ஆட்டோமேட்டிக்குன்னு கேட்டா, ஸ்டீம் அடிச்சிட்டு இருக்கிறப்பவே பம்பைச் சொட்டு சொட்டா ஓட்டுறதுதான் இப்போ எல்லாரும் பண்றது. கேஜியூனோன்னு ஒரு ப்ராஜெக்ட் இருக்கு, ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் (சின்ன கம்ப்யூட்டர் சிப்பு) பிரஷர் சென்சாரும் வச்சு பம்பையும் ஹீட்டரையும் அதுவே பாத்துக்கும், அதுலயும் இந்த வித்தை உண்டு. கணக்கு எளிமைதான், பால் 35, 40 செகண்டுல சூடாகுதுன்னா செகண்டுக்கு அரை கிராம் தண்ணி போகுது, பம்பு ஒரு அடிக்கு 0.15ல இருந்து 0.2 மில்லி தள்ளும், அப்போ செகண்டுக்கு மூணு நாலு அடி போதும். 50 அடி அடிக்கிற பம்புல 46 அடியை மறிச்சு மீதியை மட்டும் விடறது.

ஆனா ஹீட்டரையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பச்சைத்தண்ணில ஒரு கிராமை நீராவியாக்க 2.6 கிலோஜூல், செகண்டுக்கு அரை கிராம்னா 1300 வாட். உங்க ஹீட்டர் 1000 வாட்தான்னா நீங்க அரை கிராம் விட விட பாய்லர் குளிர்ந்துட்டேதான் போகும், ஸ்டீம் ஈரமா வரும், பால்ல தண்ணி கலந்த மாதிரி ஆகும். குறைச்சு விடுங்க, இல்லன்னா முடிஞ்சப்புறம் நிரப்புங்க.

பம்போட வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி டிம்மர் போடலாமா?

போடலாம், வேலை செய்யும், பல பேர் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. அலையை நடுவுல வெட்டுறதால பிஸ்டன் அரை அடி அடிக்கும், கொஞ்சம் திருகினா ஒண்ணும் ஆகாது, இன்னும் கொஞ்சம் திருகினா தடால்னு விழும், அந்த நடு இடத்தைப் பிடிக்கிறது கஷ்டம். இன்னொரு வழி அலையை வெட்டாம முழுசு முழுசா விடறது, ரெண்டு அலைக்கு ஒண்ணை விட்டா பாதித் தண்ணி, நாலுக்கு ஒண்ணுன்னா கால்வாசி. ஒவ்வொரு அடியும் முழு அடியா இருக்கும். இதுக்கு அலை எங்க பூஜ்யத்தைத் தாண்டுதுன்னு பாக்கிற ஒரு சர்க்யூட்டும், பூஜ்யத்துல திறக்குற எஸ்எஸ்ஆரும் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையுற பாகமே இல்லாத எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) வேணும். பம்பு காயில் லோடுங்கிறதால ஸ்னப்பர் (வோல்டேஜ் துள்ளறதை அடக்குற சின்ன சர்க்யூட்) இருக்கிற எஸ்எஸ்ஆரா பாத்து எடுங்க. மெதுவா ஓடுறப்போ டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், பயந்துடாதீங்க.

பாய்லர் தானா நிரம்புற ஆட்டோஃபில் மெஷின்ல லெவல் ப்ரோப் எப்படி வேலை செய்யுது, நானே ஒண்ணு பண்ணிப் போடலாமா?

ஹீட் எக்ஸ்சேஞ்சர், டபுள் பாய்லர் மெஷின்ல ஸ்டீம் பாய்லர் மேல ஒரு எவர்சில்வர் கம்பி டெஃப்லான் உறைக்குள்ள இறங்கியிருக்கும். நுனியைத் தண்ணி தொட்டா, கம்பில இருந்து தண்ணி வழியா பாய்லர் சுவத்துக்கு துளி கரண்டு பாயும், கன்ட்ரோல் பாக்ஸ் 'தண்ணி இருக்கு'ன்னு எடுத்துக்கும். தொடலன்னா சொலினாய்டை (கரண்டுல தொறக்கிற வால்வு) தொறந்து பம்பை ஓட்டும். இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பாக்ஸுக்கு 'தண்ணி இல்ல'ங்கிறதும் 'ஒயர் கழண்டுபோச்சு'ங்கிறதும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. ஒருநாள் உப்பு சுரண்ட ப்ரோப்பைக் கழட்டி, தேச்சு, திரும்ப முடுக்கி, மூடியெல்லாம் போட்டு ஆன் பண்ணிட்டு போன் பேசப் போயிட்டேன். அந்த மஞ்சள் ஒயரோட முனை ப்ரோப் தலைல உக்காராம பக்கத்துல சும்மா சாஞ்சிருந்திருக்கு. திரும்பி வந்தா பம்பு இன்னும் ஓடிட்டு இருக்கு, வாக்யூம் பிரேக்கர் (பாய்லர் மேல காத்து போய் வர்ற சின்ன வால்வு) வழியா தண்ணி ஊத்தி கப்பு வைக்கிற தட்டெல்லாம் குளம், கீழ கன்ட்ரோல் பாக்ஸ் மேல சொட்டிட்டு இருக்கு. ப்ளக்கைப் பிடுங்கிட்டு ரெண்டு நாள் காய வச்சப்புறம்தான் மறுபடி போட்டேன். அந்த பாக்ஸுல டைம்அவுட்டே, அதாவது இவ்வளவு நேரத்துக்கு மேல ஓடினா நிறுத்துங்கிற கணக்கே, கிடையாது, பம்பை எவ்வளவு நேரம் வேணா ஓட்டும்.

அதனால நீங்க சொந்தமா பண்றதா இருந்தா டைம்அவுட்டை முதல்ல எழுதுங்க, மத்தது எல்லாம் அப்புறம். ஒண்ணரை நிமிஷம் விடாம நிரப்பியும் ப்ரோப் தண்ணியைக் காட்டலன்னா பம்பும் ஹீட்டரும் ரெண்டும் நிக்கணும், நீங்க வந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. அடுத்தது, ப்ரோப்ல டிசி வோல்டேஜ் நேரா குடுக்காதீங்க, கம்பி அரிச்சு, மேல அழுக்கு ஒட்டும். ரெடிமேடா வர்ற லெவல் ரிலே எல்லாம் ஏசில பாக்கிறது அதுக்குத்தான், மைக்ரோகன்ட்ரோலர்ல பண்ணினா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சின்ன பல்ஸா குடுங்க. கொதிக்கிற தண்ணி மேல தளும்பிட்டே இருக்கும், அதனால ரெண்டு மூணு செகண்டு தொடர்ந்து தொடலன்னாத்தான் நிரப்பணும்னு வைங்க, இல்லன்னா ரிலே டிக் டிக்னு அடிச்சுட்டே இருக்கும். காபி இறங்குறப்போ நிரப்பக் கூடாதுன்னும் சேத்துக்கங்க. வைப்ரேஷன் பம்பு ரெண்டு பக்கமும் தண்ணி குடுக்கத் திராணி இல்லாதது, நடுவுல சொலினாய்டு தொறந்தா காபி பக்கம் பிரஷர் பொத்துன்னு விழும்.

சூடு எல்லை மீறினா ஹீட்டரைக் கட் பண்ற ஹை-லிமிட் தெர்மோஸ்டாட், பிரஷர் எல்லை மீறினா தொறக்கிற சேஃப்டி வால்வு ரெண்டையும் உங்க சர்க்யூட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. அது ரெண்டும் தனியா, கம்ப்யூட்டர் புத்தி எதுவும் இல்லாம, அது பாட்டுக்கு இருக்கட்டும். ஸ்டீம் பாய்லர் 1.2 பார்ல 123 டிகிரி, வெடிச்சா சமையல்ரூம்ல நிக்கிற ஆளு மேலதான் படும்.

ஆர்ஓ தண்ணி ஊத்துறேன், பாய்லர் ஓவரா ரொம்புது. ப்ரோப் போச்சா?

ப்ரோப் நல்லாத்தான் இருக்கும், தண்ணில உப்பே இல்லாததால கரண்டு பாயல. லிட்டருக்கு 100 மில்லிகிராம் பொட்டாசியம் பைகார்பனேட் போட்டுப் பாருங்க, ப்ரோப்புக்கும் தெரியும், உப்பும் படியாது. இதுக்கு நேர் எதிரா, உப்புத்தண்ணி ஊத்தி ப்ரோப் மேல வெள்ளையா ஓடு கட்டினாலும் அதே ஓவர்ஃபில்தான் வரும், ஓடு கரண்டை மறிக்கும். அப்போ கழட்டி சிட்ரிக் ஆசிட்ல ஊறப்போடுங்க. திரும்ப மாட்டுறப்போ ஒயரை மாட்டுங்க.

டேங்க் வேணாம், பைப்லைனை நேரா குடுத்துடலாமா?

வைப்ரேஷன் பம்பு மெஷினுக்கு நேரா குடுக்காதீங்க. பம்பு நின்னிருந்தாலும் லைன் பிரஷர் அதுக்குள்ள புகுந்து போயிடும், உள்ள இருக்கிற வால்வு தண்ணி பின்னாடி வராமத்தான் பாத்துக்கும், முன்னாடி போறதை மறிக்காது. ஒரு சொலினாய்டு துளி கசிஞ்சாலும் ராத்திரி பூரா பாய்லர் ரொம்பிட்டே இருக்கும். முடிஞ்சவரைக்கும் டேங்கை வச்சுக்கிட்டு அதுல ஒரு மிதவை வால்வு போடுங்க, மேல ஒரு ஓவர்ஃப்ளோ குழாய் சிங்குக்கு விடுங்க, லைன்ல ஒரு பிரஷர் ரெகுலேட்டர், வெளிய போறப்போ மூட ஒரு கைவால்வு.

பைப்பே இழுக்க முடியாதவங்களுக்கு இன்னும் எளிமையா ஒண்ணு இருக்கு, கோழிக்குத் தண்ணி வைக்கிற குடுவை மாதிரி, பெரிய பாட்டிலை டேங்கு மேல கவுத்து வச்சு வாயைத் தண்ணி மட்டத்துல நிறுத்துறது. மட்டம் இறங்கினா காத்து உள்ள போய் தண்ணி இறங்கும், கரண்டே வேணாம்.

புது பம்பு போட்டேன், சத்தம் வருது, தண்ணி வரல?

காத்து பிடிச்சிருக்கு. பம்போட வாய்ப்பக்க டியூப்பைக் கழட்டி ஒரு பெரிய சிரிஞ்சுல தண்ணியைப் பிடிச்சு அழுத்தி ஏத்துங்க, ஸ்டீம் வால்வைத் தொறந்து வச்சிட்டு ஓட்டுங்க, அஞ்சு செகண்டு அஞ்சு செகண்டா. அம்பு குறி தண்ணி போற பக்கம் பாக்குதான்னும் பாத்துக்கங்க, சிரிக்காதீங்க, நடக்கும்.

எந்த டியூப், எந்த ஃபிட்டிங்?

உறிஞ்சுற பக்கம் ஃபுட் கிரேடு சிலிக்கான் டியூப் போதும். தள்ளுற பக்கம் சிலிக்கான் போட்டா பலூன் மாதிரி உப்பி வெடிக்கும், அங்க 6 மில்லி வெளி 4 மில்லி உள் டெஃப்லான் டியூப், இல்லன்னா செப்புக் குழாய். பித்தளை ஃபிட்டிங்னா காரீயம் இல்லாததா கேட்டு வாங்குங்க, குடிக்கிற தண்ணி. பம்போட வெளிவாய் பிளாஸ்டிக் த்ரெட், ஸ்பேனர் போட்டு முறுக்குறப்போ கை கொஞ்சம் கோபமா இருந்தாலும் விரிசல் விடும்.

எல்லாம் மாட்டியாச்சு, முதல் தடவை எப்படி ஆன் பண்றது?

மூடாம, ஹீட்டர் ஒயரைக் கழட்டி டேப் சுத்தி ஓரமா வச்சிட்டு. பாய்லர் உடம்புல இருந்து ப்ளக்கோட எர்த் பின் வரைக்கும் மீட்டர் வச்சுப் பாருங்க, தொடர்பு இருக்கணும். ப்ளக் போடற லைன்ல 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா கட் பண்ற பிரேக்கர்) இருந்தாத்தான் போடணும். அப்புறம் பச்சைத்தண்ணிலயே பிளைண்ட் பாஸ்கெட் (ஓட்டையே இல்லாத காபி வடிகட்டி) போட்டு பம்பை ஓட்டி, ஓபிவி தொறக்கிற பிரஷர்ல பத்து செகண்டு நிறுத்துங்க, மூணு நாலு தடவை. கண்ணால லீக்கைத் தேடாதீங்க, டிஷ்யூ பேப்பரைச் சின்னச் சின்னதா கிழிச்சு ஒவ்வொரு ஜாயிண்டுலயும் சுத்தி விட்டுட்டு ஓட்டுங்க, வேர்வை அளவுக்குக் கசிஞ்சாலும் பேப்பர் கருத்துக் காட்டிடும். அப்படியே ஒரு ராத்திரி விட்டுடுங்க. காலைல எல்லா பேப்பரும் வெள்ளையா இருந்தா ப்ளக்கைப் பிடுங்கிட்டு ஹீட்டர் ஒயரை மாட்டுங்க, சூட்டுல பித்தளையும் டெஃப்லானும் ஆளுக்கொரு அளவா விரியும்கிறதால பேப்பர் அப்படியே இருக்க இன்னொரு தடவை சூடா ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் மூடி போடுங்க.